பாஸ்டரின் அதிகாரம் எதுவரை? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மகளுக்கு வரன் அமைந்திருக்கிறது. பையன் வேறு சபை, ஆனால் நல்ல விசுவாசி. பாஸ்டர் ஜெபித்துவிட்டு "ஆண்டவர் வேண்டாம் என்கிறார்" என்கிறார். மீறினால் சாபம் வருமா?

பதில்: வராது அக்கா. 1 கொரிந்தியர் 7:39-ஐ எடுத்துப் பாருங்கள். விதவை மறுமணம் செய்யப் பவுல் வைக்கிற நிபந்தனை ஒன்றே ஒன்று: அவன் கர்த்தருக்குட்பட்டவனாக இருக்கணும். மற்றதெல்லாம் அவள் இஷ்டம். அப்போஸ்தலனே தன் கையில் எடுத்துக்கொள்ளாத தீர்மானம் அது. பையனுக்குக் குடி, கடன் என்று ஏதாவது பாஸ்டருக்குத் தெரிந்தால் வெளிப்படையாகச் சொல்லட்டும், அது அவர் கடமை. காரணமே சொல்லாத 'வெளிப்பாடு' அவருடைய அபிப்பிராயம், அவ்வளவுதான்.

1970களில் அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில், டெரெக் பிரின்ஸ், பாப் மம்ஃபோர்ட் உட்பட ஐந்து போதகர்கள் 'மேய்ப்பு இயக்கம்' நடத்தினார்கள். ஒவ்வொரு விசுவாசிக்கும் மேலே ஒரு மேய்ப்பர். வேலை, வீடு, கல்யாணம் எல்லாம் அவரைக் கேட்டுத்தான். நல்ல எண்ணத்தில் ஆரம்பித்ததுதான், பலருடைய வாழ்க்கையை நொறுக்கியது. பிரின்ஸ் விலகினார், 1986-ல் கூட்டு கலைந்தது, பிறகு மம்ஃபோர்ட் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்த உபதேசம் மட்டும் இன்னும் நம் சபைகளில் சுற்றுகிறது.

கேள்வி: காணிக்கைக் கணக்கு கேட்டேன். "அபிஷேகம்பண்ணப்பட்டவனைத் தொடாதே" என்கிறார்.

பதில்: சங்கீதம் 105:15. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு பரதேசிகளாகத் திரிந்தபோது ராஜாக்கள் அவர்களை ஒடுக்காதபடி கர்த்தர் காத்ததைப் பாடுகிற வசனம். வரவு செலவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தர்மப்பணத்தைக் கொண்டுபோகச் சபைகள் தெரிந்தெடுத்த ஆளைப் பவுல் கூடவே வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-21). எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பாஸ்டரும் இதே வசனத்தைத்தான் சொல்கிறார், என்ன செய்ய?

பதில்: மேலே சொல்லிவிட்டேன் தம்பி. எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: நானும் ஒரு ஊழியக்காரன். நீங்கள் இப்படிப் பேசினால் யார் அடங்குவார்கள்? நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்குங்கள் என்கிற எபிரெயர் 13:17 வேதத்தில் இல்லையா?

பதில்: இருக்கிறது பாஸ்டர், நானும் அதற்குக் கீழ்ப்படிகிறவன். அதே வசனம், ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம்பண்ண வேண்டியவர் நீங்கள் என்கிறது. மந்தையை இறுமாப்பாய் ஆளக்கூடாது என்று 1 பேதுரு 5:3 எல்லை கட்டுகிறது.

கேள்வி (அதே ஊழியர்): கொரிந்துவில் பாவம் செய்தவனைப் பவுல் சபையைவிட்டுத் தள்ளவில்லையா?

பதில்: தள்ளச் சொன்னார், சபை கூடிவந்த இடத்தில். பிற்பாடு "அநேகரால் உண்டான இந்தத் தண்டனையே போதும்" என்று மன்னிக்கவும் சொன்னார். தன்னிஷ்டத்துக்குச் சகோதரரைத் தள்ளியவன், சபையில் முதன்மையாயிருக்க விரும்பிய தியோத்திரேப்பு, 3 யோவான் அவனைக் கண்டிக்கிறது. மத்தேயு 18-ன் படிகள் மூன்று: தனியாகப் பேசு, ஓரிருவரைக் கூட்டிப் போ, பிறகு சபைக்குச் சொல். ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணை எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் குத்திக்காட்டுகிறோமே, அது எந்தப் படி பாஸ்டர்?

கேள்வி: சபைச் சந்தா பாக்கியாம், அதனால் சபைக் கல்லறையில் இடமில்லை என்கிறார்கள்.

பதில்: உங்கள் திருமண்டல (பேராய) விதியைப் பார்க்கணும். சேகரக் கமிட்டிக்கு (உங்கள் சபை வட்டாரத்தின் நிர்வாகக் குழுவுக்கு) எழுத்தில் கொடுங்கள், வக்கீலையும் பாருங்கள்.

கேள்வி: ஊழியர் ஒருவர் சிறுமியிடம் தப்பாக நடந்திருக்கிறார். "சபைக்குள்ளேயே முடிப்போம், வெளியே போனால் ஆண்டவர் நாமம் தூஷிக்கப்படும்" என்கிறார்கள் மூப்பர்கள்.

பதில்: இன்றைக்கே போலீசுக்குப் போங்கள், அல்லது சிறார் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 19-ம் பிரிவின்படி, தெரிந்த எவரும் புகார் தெரிவித்தே ஆகணும். மறைத்தால் அந்த மூப்பர்களும் 21-ம் பிரிவில் குற்றவாளிகள். இதில் முடித்துவைக்கச் சபைக்கு எள்ளளவும் அதிகாரம் இல்லை. பிள்ளையை அந்த ஆளுக்கு முன்னால் நிறுத்தி "மன்னித்துவிட்டேன் என்று சொல்" என்று கேட்க யாரையும் விடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தரணும், கேட்டு வாங்குங்கள்.