கேள்வி-பதில்: கலப்புப் பழத்தோட்டமும் தரைவண்டும்

மாலூரில் ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. இடையில் கொய்யா, சீத்தா, சப்போட்டா நட்டால் தரைவண்டு பெருகும் என்கிறார்களே, உண்மையா? (அல்சூர் வாசகர்)

பெருக வாய்ப்பு உண்டு. ஆனால் தலைக்கு மேலே நிற்பது மாவா கொய்யாவா என்பது தரைவண்டுக்குப் பெரிய விஷயம் இல்லை. பெரும்பாலும் இரவில் தரையில் ஓடி, புழு பூச்சிகளை இரையாகத் தின்று தோட்டத்துக்கு உதவுகிற பூச்சி அது. பகலில் ஒளிய இடம், கொஞ்சம் ஈரம், கிளறாத மண், தின்னப் புழு, இவ்வளவுதான் அதற்குத் தேவை. மரம் கலந்தால் இவை வருடம் முழுக்கக் கிடைக்கும். மாவிலை தடிப்பு, மெதுவாகத்தான் மட்கும். சீத்தா வறண்ட மாதங்களில் இலையைக் கொட்டிவிடும். ஆகச் சருகு தீராது. நிழலும் ஒரே சீராக இல்லாமல் திட்டுத் திட்டாக விழும். ஆக, நடுங்கள். ஆனால் சருகைப் பொறுக்காதீர்கள், விழுந்த பழத்தை மட்டும் பொறுக்குங்கள்.

ஓசூர் பக்கம் எங்கள் தென்னையில் குருத்தைத் துளைப்பது தரைவண்டுதானே? (ஜாலஹள்ளி)

இல்லை. அது காண்டாமிருக வண்டு. இதைப் பலமுறை எழுதியாயிற்று. அதன் புழு எருக்குழியில் வளர்கிறது. குழியைக் கிளறிப் பாருங்கள்.

படம் அனுப்பியிருக்கிறேன். நல்ல பூச்சியா, கெட்ட பூச்சியா? (பெயர், ஊர் இல்லை)

படத்தில் உங்கள் கட்டைவிரல் தெளிவாக இருக்கிறது. பூச்சி ஒரு கருப்புப் புள்ளி. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, மேலிருந்து எடுத்து அனுப்புங்கள். ஒன்றரை அங்குல நீளம், கருப்பு உடல், முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளி என்றால் அது தரைவண்டில் பெரிய வகை, நம் பக்கம் சாதாரணமாகக் காணலாம். கையில் பிடிக்காதீர்கள், அமிலம் பீய்ச்சும். கண்ணில் பட்டால் பாடுதான்.

ஆனேக்கல் அருகே ஐந்து வகைப் பழமரம் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு வண்டுகூடக் கண்ணில் படவில்லை. மாதம் ஒருமுறை ரோட்டவேட்டர் ஓட்டுகிறோம், கரையானுக்கு குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்து ஊற்றுகிறோம், சருகைக் கூட்டி எரித்துச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம். (ஒயிட்ஃபீல்டு)

கேள்வியிலேயே பதிலையும் எழுதிவிட்டு என்னைக் கேட்கிறீர்கள். சனி, ஞாயிறு தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் இந்தச் 'சுத்த' வியாதி இருக்கிறது. தோப்பின் தரை அபார்ட்மெண்ட் வாசல் மாதிரி பளிச்சென்று இருக்க வேண்டுமாம்!

தரைவண்டு மண்ணில்தான் முட்டையிடுகிறது. புழுவும் மண்ணில், கூட்டுப்புழுவும் மண்ணில். ரோட்டவேட்டர் புரட்டுகிற அந்த நாலைந்து அங்குலம்தான் அதன் பிள்ளைப்பேறு அறை. அதை மாதாமாதம் அரைத்தால் எது மிஞ்சும்? தப்பியதை மருந்து முடிக்கும். மண்ணில் ஊற்றிய குளோர்பைரிபாஸுக்குக் கரையான் எது, கரையானைத் தின்கிற வண்டு எது என்று தெரியாது. இவற்றில் பல வகை அதிகம் பறக்காது. ஒருமுறை அழிந்தால் வரப்பிலிருந்து நடந்துதான் திரும்பி வர வேண்டும். வரப்பையும் நீங்கள் செதுக்கியிருப்பீர்கள்.

கரையான் பெரும்பாலும் செத்த பட்டையைத்தான் தின்கிறது. வளர்ந்த மரத்தில் மண்பூச்சைச் சுரண்டிவிட்டாலே போதும். இளங்கன்றுக்கு மட்கிய எருவை மட்டும் வையுங்கள், பச்சைச் சாணம்தான் கரையானைக் கூப்பிடும். ரோட்டவேட்டரை நிறுத்துங்கள். களையை இடுப்பளவு வளரவிடாமல் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டிக் குவிக்காமல். சுற்றிலும் இரண்டடி வரப்பைத் தொடாமல் விடுங்கள். எரிப்பது அறவே வேண்டாம். இதையெல்லாம் செய்யாமல் ஆறாவது வகை மரம் வாங்கி நட்டால் நர்சரிக்காரருக்குத்தான் லாபம்.

தரைவண்டு விலைக்குக் கிடைக்குமா? (சிவாஜிநகர்)

எனக்குத் தெரிந்து யாரும் விற்பதில்லை. விற்றாலும் வாங்காதீர்கள். மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

தரைவண்டு இருந்தால் மாம்பழ ஈக்குப் பொறி வேண்டாமா? (ஹெப்பால்)

வேண்டும். பழத்திலிருந்து இறங்கும் ஈயின் புழு ஓரிரு அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். அங்கே எறும்பும் தரைவண்டும் கொஞ்சம் காலி செய்யும், அவ்வளவுதான். மெத்தில் யூஜினால் என்கிற வாசனைப்பொருள் வைத்த பொறியும் ஆண் ஈயை மட்டுமே இழுக்கும். அதனால் திரும்பவும் சொல்கிறேன், விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள். ஈக்கு மருந்தென்று மண்ணில் எதையும் ஊற்றாதீர்கள்.

வண்டு கூடியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஃபிரேசர் டவுன்)

நல்ல கேள்வி. வழவழப்பான பிளாஸ்டிக் டம்ளரை விளிம்பு மண்மட்டத்தோடு வரும்படி புதையுங்கள். இரவில் ஓடுகிற வண்டு உள்ளே விழும், ஏற முடியாது. விளிம்பு ஒரு நூல் துருத்தினாலும் வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும். மேலே மழைக்கு ஒரு ஓடு, இரண்டு விரல் இடைவெளி விட்டு. மாவின் கீழே சில, கலப்பு வரிசையில் சில, வரப்பில் சில. விடிந்ததும் எண்ணிவிட்டு வெளியே விட்டுவிடுங்கள்; தாமதித்தால் பெரியது சிறியதைத் தின்றிருக்கும், கணக்கு தப்பும். வெறுந்தரையில் வண்டு தடையில்லாமல் ஓடுவதால் அங்கே அதிகம் விழுந்ததுபோலத் தெரியலாம், ஏமாறாதீர்கள். செப்டம்பர் மழையில் எண்ணியதை மார்ச் வெயிலோடு ஒப்பிடவும் கூடாது. அடுத்த செப்டம்பரில் அதே இடத்தில் மறுபடி எண்ணிப் பாருங்கள்.