வாசகர் கேள்வி: ரோமாபுரிக்கு வந்த அம்மனும் கூடவே வந்த பூசாரிங்களும்

வியாசர்பாடி வாசகர்: அண்ணே, பழைய ரோம்ல ஆம்பளைங்க தன்னோட ஆணுறுப்ப தானே அறுத்துக்கிட்டு, பொம்பள ட்ரெஸ் போட்டுக்கிட்டு அம்மன் கோயில்ல பூசாரியா இருந்தாங்கன்னு ஒரு வீடியோல சொல்றாங்க. நெஜமா, இல்ல வியூஸுக்காக அடிச்சு வுடுறாங்களா?

நெஜம்தான் தம்பி. அவங்களுக்குப் பேரு கல்லி. ஆனா அந்த அம்மன் ரோமோட சொந்த சாமியே கெடையாது, கவர்மெண்டே ஆள் அனுப்பி வரவழைச்ச வெளியூர் சாமி. ஊரு ப்ரிஜியா, இப்ப துருக்கில இருக்கு. சாமி பேரு சிபேலே. கி.மு. 205ல நெலம என்னன்னா, எதிரி நாடு கார்த்தேஜோட தளபதி ஹானிபல் இத்தாலிக்குள்ள பூந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆளு வெளிய போற மாதிரியே தெரியல, இதுல வானத்துலேர்ந்து கல்லு மழ வேற பெய்யுதுன்னு ஜனங்க மெரண்டு போயிருக்காங்க. சிபில் ஏடுன்னு குறி சொல்ற பழைய ஏடு ஒண்ணு இருந்துச்சு, ஆபத்து வந்தா ரோமோட ஆட்சி சபையான செனட் சொல்லித்தான் அத எடுத்துப் பாப்பாங்க. ஐடா மலைத் தாய, அதாவது இந்த சிபேலேய, ஊருக்குக் கூட்டியாந்தா வெளிநாட்டு எதிரிய வெரட்டலாம்னு அதுல வந்துச்சாம். இப்ப துருக்கில இருக்கற பெர்கமோனோட ராஜா அட்டாலஸ் ஒத்தாச பண்ணாரு, சாமி கப்பல் ஏறுச்சு. சாமின்னா செலை இல்ல, ஒரு கறுப்புக் கல்லு, அவ்ளோதான். கி.மு. 204ல ரோமுக்கு வந்து சேருது, அடுத்த வருஷமே ஹானிபல் இத்தாலிய காலி பண்ணிட்டுக் கெளம்புறான், அப்புறம் அம்மன் சக்திய எவன் சந்தேகப்படுவான் சொல்லுங்க. பாலடைன் குன்னு மேல, ஊரோட நட்ட நடு எடத்துல கி.மு. 191ல தனிக் கோயிலே தெறந்துட்டாங்க.

அம்மன் தனியா வரல, பூசாரிங்களும் வந்தாங்க. அங்கதான் ரோம்காரங்க நெளிய ஆரம்பிச்சாங்க.

காசிமேடு வாசகர்: இன்னா அண்ணாத்த, அந்தக் கப்பல் முகத்துவாரத்துல மாட்டிக்கிச்சாமே, ஒரு பொம்பள ஒத்த ஆளா இழுத்தாங்களாமே?

ரோம் கவிஞர் ஓவிட் அப்டிதான் எழுதறாரு. டைபர் ஆத்து வாய்ல கப்பல் தட்டி நின்னுடுச்சு, ஆம்பளைங்க கயிறு போட்டு இழுத்துப் பாத்தும் அசையல. கிளாடியா குயிண்டான்னு ஒரு பெரிய எடத்துப் பொண்ணு, அது விதவிதமா தல வாரிக்குது, பெருசுங்கள எதுத்துப் பேசுதுன்னு ஊரே நடத்தைய சந்தேகப்பட்டுச்சு (இந்த ரெண்டு குத்தமும் எந்தக் காலத்துலயும் மாறல போல). அந்தப் பொண்ணு, நான் சுத்தமானவன்னா என் பின்னால வாம்மான்னு அம்மன கும்பிட்டுட்டு கயித்த லேசா இழுக்க, கப்பல் நகந்து வந்துச்சாம். லிவி எழுதுன வரலாத்துல இந்த அற்புதமெல்லாம் இல்ல, ஸ்கிபியோ நாசிகான்னு ஒருத்தர் கல்ல எறக்கி கரைக்குக் கொண்டாந்தாரு, பொம்பளைங்க கை மாத்திக் கை மாத்தி ஊருக்குள்ள கொண்டு போனாங்க, அவங்கள்ல கிளாடியாவும் ஒருத்தி, அவ்ளோதான். கடல்ல தொழில் பண்ற உங்களுக்கே தெரியும், மணல்ல தட்டுன கப்பல் வெள்ளம் ஏறுனா தன்னால வரும்.

கொருக்குப்பேட்டை வாசகி: எங்க தெருவுல ஆடி மாசம் கூழ் ஊத்துறப்போ பம்பை உடுக்கை அடிச்சா சிலருக்கு அருள் வந்துடும். அங்கயும் இதேதானாங்க?

பாக்கறதுக்கு நெறைய ஒத்துப்போவும்மா, ஆனா அதுக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்குன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. அங்க கைப்பறை, தாளம், ரெட்டைக் குழல். லுக்ரீஷியஸ்ங்கற ரோம் கவிஞர் அந்த ஊர்வலத்த எழுதிருக்காரு, பறை இடிக்குது, கொம்பு ஊதுறாங்க, அம்மன் பேசாம தேர்ல போறா, ஜனங்க ரோட்டுல வெள்ளியும் செப்புமா காசு போடுறாங்க, மேல ரோஜாப்பூ கொட்டுறாங்க. மார்ச் மாசத் திருவிழா அப்புறம் பேரரசர் காலத்துல வளந்தது, பேரரசர் கிளாடியஸ் சேத்ததுன்னு சொல்லுவாங்க, கி.பி. 354ஆம் வருஷத்துக் காலண்டர்ல நாள் நாளா போட்டிருக்கு. 22ஆம் தேதி ஒரு பைன் மரத்த வெட்டி, கம்பளித் துணி சுத்தி, வயலட் பூ மாலை போட்டு, பொணத்தத் தூக்கற மாதிரி தூக்கிட்டு வருவாங்க. அது அம்மனோட காதலன் ஆட்டிஸ், பைன் மரத்தடியில தன்ன அறுத்துக்கிட்டு செத்தவன். 24ஆம் தேதிக்குப் பேரே ரத்த நாள். ஆட்டம் உச்சத்துக்குப் போனதும் கைய கத்தியால கீறிக்குவாங்க, எலும்புத்துண்டு கோத்த சாட்டையால முதுகுல அடிச்சுக்குவாங்க. அடுத்த நாளே ஹிலாரியா, ஊரே சிரிச்சு கும்மாளம் போடும். 27ஆம் தேதி அம்மன மாட்டு வண்டில வெச்சு அல்மோங்கற ஓடைக்குக் கொண்டு போய் குளிப்பாட்டுவாங்க. வெள்ளில உருவம், மொகம் இருக்கற எடத்துல மட்டும் அந்தக் கறுப்புக் கல்லு.

தண்டையார்பேட்டையிலேர்ந்து ஒரு திருநங்கை வாசகி: அந்தப் பூசாரிங்களுக்கு ஊர்ல மரியாதை இருந்துச்சா? சொத்து கித்து வெச்சுக்க முடிஞ்சுதா? அவங்க எங்கள மாதிரிதானா?

கி.மு. 77ல நடந்த ஒரு கேஸ் சொல்றேன் மா. ஜெனூஷியஸ்னு ஒரு கல்லி. அடிமையா இருந்து விடுதலையான ஒருத்தரு உயில்ல தன் சொத்த இவருக்கு எழுதி வெச்சிட்டுப் போயிட்டாரு. கோர்ட்டுல ப்ரீட்டர்ங்கற நீதிபதி பதவில இருந்தவரு, சொத்த இவர்கிட்ட குடுங்கன்னு சொல்லிட்டாரு. செத்தவரோட பழைய எஜமான் சுர்டினஸ் விடுவாரா, அதுக்கும் மேல் பதவியான கான்சலா இருந்த மாமெர்கஸ்கிட்ட அப்பீல் போனாரு. அவரு தீர்ப்ப அப்டியே தலகீழா மாத்துனாரு. காரணம் என்ன தெரியுமா, உயில் பொய்யின்னோ கையெழுத்து சரியில்லன்னோ இல்ல, தன்ன அறுத்துக்கிட்ட ஆளு ஆம்பளைலயும் சேத்தி இல்ல, பொம்பளைலயும் சேத்தி இல்ல, அதனால சொத்து கெடையாது. அந்தாளு வந்து நின்னு பேசுனாலே கோர்ட்டுக்குத் தீட்டுங்கற மாதிரி எழுதி வெச்சிருக்காங்க. 2014ல நம்ம சுப்ரீம் கோர்ட், மூணாவது பாலினம்னு சட்டப்படி ஒத்துக்கணும், அவங்கவங்க பாலினத்த அவங்கவங்களே சொல்லிக்கலாம்னு தீர்ப்பு குடுத்துச்சில்ல, அதுக்கு நேர் எதிர் கேஸ் இது.

அம்மன் வேணும், பூசாரி வேணாம், இதுதான் அவங்க பாலிசி. ரோம் குடிமகன் கலர் அங்கி போட்டுக்கிட்டு குழல் முன்னால போக அந்த ஊர்வலத்துல பிச்சை எடுக்கக் கூடாதுன்னு சட்டமே இருந்துச்சு. கல்லிங்களும் சில நாள்லதான் காசு கேக்கலாம். ஏப்ரல் 4லேர்ந்து நடக்கற பெரிய விழாவ ரோம் அதிகாரிங்களே எடுத்து நடத்துனாங்க, நாடகம் விருந்துன்னு டீசண்டா. பயம் மட்டும் போகல. கி.மு. 102ல அம்மனோட சொந்த ஊர்க் கோயில்லேர்ந்து பட்டாகஸ்ங்கற பெரிய பூசாரி தங்கக் கிரீடத்தோட வந்து, போர்ல ஜெயிப்பீங்கன்னு குறி சொன்னாரு. பாம்பேயஸ்னு ஒரு ட்ரிப்யூன், அதாவது மக்கள் பிரதிநிதி, போடா டுபாக்கூருன்னு மேடைலேர்ந்து வெரட்டி வுட்டாரு. சில நாள்லயே ட்ரிப்யூன் காச்சல் வந்து காலி. அப்புறம் பூசாரிக்கு ராஜ மரியாதை.

உங்கள மாதிரிதானான்னு கேட்டீங்க. அவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு அவங்களே எழுதுனது எதுவும் நம்ம கைக்கு வரல, மார்ஷியல், ஜுவெனல்னு கிண்டல் பண்ணவங்க எழுதுனதுதான் மிச்சம், அத வெச்சு ஒருத்தர் மனச எட போடறது தப்பு. இங்கிலாந்துல கேட்டரிக்ல தோண்டுனப்போ நாலாம் நூற்றாண்டு கல்லறை ஒண்ணு கெடச்சுது, உள்ள ஒரு வாலிபன், கழுத்துலயும் கைலயும் ஜெட்ங்கற கறுப்புக் கல்லு நகை, அந்தக் காலத்துல பொம்பளைங்க போடறது. கல்லியா இருக்கும்னு ஆராய்ச்சியாளருங்க சிலர் சொல்றாங்க. நகையோடதான் பொதச்சிருக்காங்க, அதாவது பொதச்சவங்களுக்கு அதுல வெக்கம் இல்ல.

மாதவரம் வாசகர்: எதுலங்க அறுத்தாங்க?

கண்ணாலயே பாக்கலாம் சார். உடைஞ்ச ஓட்டுச்சில்லுன்னு எழுதி வெச்சிருக்காங்க. 1840ல லண்டன் பாலத்துக்கிட்ட தேம்ஸ் ஆத்துல அறுக்கறப்போ இறுக்கிப் பிடிக்கறதுன்னு சொல்ற ஒரு வெண்கலக் கிடுக்கி கெடச்சுது, உள்பக்கம் பல்லு பல்லா இருக்கும், கிடுக்கியோட ரெண்டு பக்கமும் சிபேலே, ஆட்டிஸ் தலை செதுக்கிருக்கு. பிரிட்டிஷ் மியூசியத்துல வெச்சிருக்காங்க. மனுஷனுக்கா மாட்டுக்காங்கறதுல இன்னும் சண்ட நடக்குது.