தண்ணீருக்கடியில் யார் தேறுவார்கள்? - ஒரு டைவ் சூப்பர்வைசரின் பதில்கள்

கேள்வி: என் மகன் வெல்டிங் படித்தவன், நன்றாக நீந்துவான். ஆழ்கடல் டைவர் ஆகப்போவதாகப் பிடிவாதம் பிடிக்கிறான். எதற்கும் பயப்படாத பிள்ளை. இந்த வேலை அவனுக்கு ஒத்துவருமா ஐயா?

பதில்: அம்மா, பயமே கிடையாது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் கடலில் இறக்க எனக்கு மனம் வராது. டைவராக இருந்து, பிறகு சூப்பர்வைசராக ஹெட்போன் மாட்டியவன் நான். கீழே இருப்பவரின் முகம் எனக்குத் தெரியாது, மூச்சு கேட்கும். சேறு கலங்கி, தன் கையே தெரியாத நேரத்தில் போல்ட் ஒன்று நழுவினால் போதும், அந்த மூச்சு குறுகி வேகமெடுக்கும். "வேலையை நிறுத்து, நின்று நிதானமா மூச்சு வாங்கு" என்பேன். சொன்னபடி நின்று, தணிந்தபின் "ரெடி" என்கிறவரை நம்பலாம். "ஒண்ணுமில்லை, முடிச்சிடறேன்" என்று அடம்பிடிக்கிறவரை மேலே கூப்பிட்டுவிடுவேன்.

பொழுதுபோக்கு டைவர்களை ஆராய்ந்த உளவியலாளர் வில்லியம் மார்கன், இயல்பிலேயே பதற்றம் மிகுந்தவர்களுக்குத்தான் நீருக்கடியில் பீதி வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார். நான் பார்த்ததும் அதுதான். ஆனால் பதறாமல் இருப்பது வேறு, ஆபத்தே உறைக்காமல் இருப்பது வேறு. உங்கள் மகன் இதில் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். புதியவர்கள் முதலில் டெண்டராக, அதாவது டைவரின் உதவியாளராக, டெக்கில் நின்று அடுத்தவரின் அம்பிலிக்கலைக் கவனித்துக்கொள்ள வேண்டும். மூச்சுக்கான வாயு, பேச்சு எல்லாம் அந்தக் குழாய்க்கொத்து வழியாகத்தான் போகிறது. அந்த வேலையைப் பொறுமையாகச் செய்யக்கூடியவன் என்றால் தைரியமாக அனுப்புங்கள்.

கேள்வி: சாச்சுரேஷன் டைவர்கள் வாரக்கணக்கில் ஒரு சேம்பருக்குள்ளேயே இருப்பார்களாமே, மனம் பேதலிக்காதா?

பதில்: 100 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல 11 மடங்கு. தினமும் அந்த அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்து ஆளை வெளியே எடுப்பது நடக்காத காரியம். அதனால் கப்பலிலேயே அதே அழுத்தத்தில் ஒரு சேம்பரில் வாழ்ந்து, பெல் என்ற இறக்கு கூண்டில் ஏறி வேலைக்குப் போய்வருகிறோம். வழக்கமாக 28 நாள் வரை. கடைசியில் அழுத்தத்தைக் குறைக்க 30 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். வீட்டில் யாராவது இறந்துவிட்டார் என்று செய்தி வந்தாலும் உடனே கதவைத் திறக்க முடியாது. 1983-ல் வடகடலில் பைஃபோர்ட் டால்ஃபின் என்ற துளையிடும் மேடையில் ஒரு சேம்பரின் அழுத்தம் நொடியில் வெளியேறி ஐந்து பேர் இறந்தார்கள். உள்ளே இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்பவர்கள்கூடச் சின்ன விஷயங்களில்தான் உடைவார்கள். பக்கத்துப் படுக்கையின் குறட்டை. கழிவறையில் தண்ணீர் விடக்கூட வெளியே இருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். மூச்சு வாயுவில் கலந்திருக்கும் ஹீலியத்தில் குரல் கீச்சென்று மாறுவதால் மனம்விட்டுப் பேசுவதும் சிரமம். ஈரத் துண்டை அடுத்தவர் படுக்கையில் போடாத ஆள், கோபம் வந்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் படுக்கும் ஆள், இவர்களைத்தான் மற்றவர்கள் மறுபடியும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

கேள்வி: நானும் டைவர்தான். சம்பளம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் திருப்தி இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, பணம் ஆளைக் கூட்டிவரும், தங்கவைக்காது. இணைத்த குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதித்து, அது இறங்காமல் நிற்கும்போது கிடைக்கும் நிறைவு எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது. 2012-ல் வடகடலில் கிறிஸ் லெமன்ஸ் என்ற டைவரின் அம்பிலிக்கல் அறுந்தது. முதுகிலிருந்த அவசர வாயு சில நிமிடங்களுக்குத்தான் வரும். அரை மணி நேரத்துக்கும் மேலான பிறகு சக டைவர் அவரைப் பெல்லுக்குக் கொண்டுவந்தார். உயிர் பிழைத்தவர் சில வாரங்களில் மறுபடி கடலில் இறங்கினார். கூட இருந்தவர்கள் மேல் அத்தனை நம்பிக்கை இருந்தால்தான் அது முடியும் என்று நினைக்கிறேன்.

உங்கள் குழுவில் "இன்று உடம்பு சரியில்லை, இறங்கவில்லை" என்று சொன்னால் ஏளனம் செய்கிறார்களா? அப்படியானால் குழுவை மாற்றுங்கள், தொழிலை அல்ல. அடுத்த ஒப்பந்தம் எப்போது வருமோ என்ற கவலைதான் அரிக்கிறது என்றால், இன்ஸ்பெக்‌ஷன் அல்லது சூப்பர்வைசர் தகுதிக்குப் படியுங்கள். தண்ணீரே கசந்துவிட்டதென்றால் இந்த ஒப்பந்தம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். அந்த மனநிலையில் இருப்பவரை எந்த நல்ல சூப்பர்வைசரும் பெல்லில் ஏற்றமாட்டார்.