வேலையில் இருந்துகொண்டே அரூப ஓவியம்: அச்சுதன் கூடல்லூரைப் பாருங்கள்

வணக்கம். பொறியாளர் வேலை, ஓவியக் கல்லூரியில் படிக்கவில்லை, முப்பதும் தாண்டிவிட்டது, இனி அரூப ஓவியம், அதாவது உருவங்கள் இல்லாமல் வண்ணத்தையும் வடிவத்தையும் கொண்டே வரைவது, கைவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வரும்.

அச்சுதன் கூடல்லூர் 1945இல் கேரளத்தின் கூடல்லூரில் பிறந்தவர். சென்னையில் பொதுப்பணித் துறைப் பொறியாளராக இருந்தபடியே ஓவியக் கல்லூரியின் மாலைநேரக் குழுவில் வரையப் பழகினார். ஆரம்பத்தில் உருவங்கள்தான். அப்புறம்தான் வண்ணமே போதும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1988இல் தேசிய விருது பெற்றார், 2022இல் காலமானார்.

அவருடைய சிவப்பு ஓவியம் ஒன்றைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஒரு சிவப்புக்குள் எத்தனை சிவப்பு! எனக்கு அதிலிருந்து கண்ணை எடுக்கவே மனம் வராது.

அதனால் உருவத்தை உடனே விட வேண்டுமே என்று பதறாதீர்கள். ஒரே வண்ணத்தை எடுத்து, காயக் காய அதன்மேலேயே பூசிப் பாருங்கள்.