பிரெட் ஹாம்ப்டன் கொலை: கேள்விகளும் பதில்களும்

1969 டிசம்பர் 4 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிரெட் ஹாம்ப்டன் என்ற 21 வயது இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்த வழக்கின் ஆவணங்களை நான் பல காலமாகப் படித்து வருவதால் நண்பர்கள் கேள்விகளை அனுப்பியிருந்தார்கள். ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, யார் இவர்? பெயர் மட்டும்தான் தெரியும்.

கருப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சிக்கு, சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் தலைவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு போடுவது அவர்கள் செய்த பெரிய வேலை. ஆனால் அதிகாரத்தில் இருந்தவர்களை அதிகம் உறுத்தியது வேறு என்று நினைக்கிறேன். புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் யங் லார்ட்ஸையும், தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த ஏழை வெள்ளையர்களின் யங் பேட்ரியட்ஸையும் கருப்பர்களோடு ஒரே மேடையில் ஏற்றினார். ரெயின்போ கூட்டணி என்று பெயர். அப்போது அவருக்கு இருபது வயதுதான்.

அன்று இரவு என்ன நடந்தது?

அதிகாலை சுமார் 4:45. மேற்கு மன்ரோ தெரு, 2337ஆம் எண் வீடு. சிகாகோ அடங்கிய குக் கவுன்டி என்ற மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் ஹான்ரஹனின் கீழிருந்த 14 போலீஸ்காரர்கள், சட்டவிரோத ஆயுதங்களைத் தேடுவதற்கான வாரண்டோடு முன்வாசல், பின்வாசல் இரண்டு வழியாகவும் புகுந்தார்கள். முன்னறையில் காவலுக்கு இருந்த 22 வயது மார்க் கிளார்க் அங்கேயே இறந்தார். ஹாம்ப்டன் படுக்கையை விட்டு எழவே இல்லை. பக்கத்தில் இருந்தவர் அவர் மணக்கவிருந்த டெபோரா ஜான்சன், எட்டரை மாதக் கர்ப்பிணி. தன்னை வெளியே இழுத்துப் போன பிறகு உள்ளே மறுபடி சுட்ட சத்தம் கேட்டது என்று அவர் சாட்சி சொன்னார். போலீஸ் மறுத்தது. ஹாம்ப்டனின் தலையில் இரண்டு குண்டுகள் பாய்ந்திருந்தன. உயிர் பிழைத்த ஏழு பேரில் நான்கு பேருக்குக் குண்டுக் காயம். அவர்கள் மேல்தான் கொலை முயற்சி வழக்கு போட்டார்கள்!

உள்ளே இருந்தவர்கள்தான் முதலில் சுட்டார்கள், இது மோதல் என்றுதானே போலீஸ் சொன்னது? அது எப்படி உடைந்தது?

எனக்குப் பிடித்த கேள்வி. போலீஸ் செய்த பெரிய தவறு, போகும்போது வீட்டைப் பூட்டி சீல் வைக்காமல் போனது. பாந்தர்களும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் உள்ளே போய்ப் படம் எடுத்தார்கள், தோட்டாக்களைச் சேகரித்தார்கள். அப்புறம் கதவைத் திறந்து வைத்து ஊரையே கூப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று, ரத்தம் ஊறிய மெத்தையையும் சல்லடையாகிப் போன சுவரையும் பார்த்துவிட்டுப் போனார்கள். குண்டுகள் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போயின என்பதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஹான்ரஹன் தரப்பு பதற்றப்பட்டது. சிகாகோ டிரிப்யூன் பத்திரிகைக்குப் படங்களைக் கொடுத்து, 'இதோ பாந்தர்கள் சுட்ட ஓட்டைகள்' என்றார்கள். போட்டிப் பத்திரிகையான சன்-டைம்ஸின் நிருபர்கள் நேரில் போய்ப் பார்த்தால், அவை ஆணித் தலைகள். டிவியில் போலீஸ்காரர்களே அந்தச் சண்டையை நடித்தும் காட்டினார்கள். அதுவும் எடுபடவில்லை.

போலீஸ் ஆய்வகம் இரண்டு தோட்டா உறைகளை வீட்டில் இருந்த ஒரு பெண்ணின் துப்பாக்கியில் சுட்டவை என்று அறிக்கை கொடுத்திருந்தது. மத்திய அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் நிபுணர் சோதித்தபோது இரண்டுமே ஒரு போலீஸ்காரரின் துப்பாக்கியிலிருந்து வந்தவை. கடைசியில் மத்திய கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) 1970 மே மாதம் தந்த கணக்கு: போலீஸ் சுட்டது 82 முதல் 99 முறை வரை. உள்ளேயிருந்து வந்தது ஒரே ஒரு குண்டு. அது மார்க் கிளார்க்கின் துப்பாக்கி; அவர் சுடப்பட்டு விழும்போது வெடித்திருக்கலாம் என்பது பலரின் முடிவு. பிழைத்தவர்கள் மேல் இருந்த வழக்கு அந்த மாதமே கைவிடப்பட்டது.

ஹாம்ப்டனுக்கு முன்பே தூக்க மருந்து கொடுத்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

குடும்பத்தின் தரப்பில் நடந்த பரிசோதனையில் மருந்து இருந்ததாக வந்தது. எஃப்பிஐ பரிசோதனையில் இல்லை. நீதிமன்றம் இதை முடித்து வைக்கவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மருந்தே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் மேலே சொன்ன கணக்கு மாறாது.

சார், ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். பாந்தர்கள் ஆயுதம் வைத்திருந்தவர்கள்தானே?

ஆமாம், வீட்டில் துப்பாக்கிகள் இருந்தன. மூன்று வாரம் முன்பு, நவம்பர் 13 அன்று, சிகாகோவில் ஒரு பாந்தருடன் நடந்த சண்டையில் இரண்டு போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அந்த பாந்தரும் இறந்தார். போலீஸ் கொதித்துப் போயிருந்தது. இதை மறைத்துக் கதை சொன்னால் நானும் ஹான்ரஹன் வேலையைத்தான் செய்கிறேன். ஆனால் ஆயுதம் வைத்திருந்ததற்குக் கைது செய்யலாம், வழக்குப் போடலாம். படுக்கையில் கிடந்தவரைச் சுட்டதற்கு அது பதில் ஆகாது.

எஃப்பிஐக்கு இதில் என்ன வேலை?

ஹாம்ப்டனின் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த வில்லியம் ஓநீல் எஃப்பிஐயின் ஆள். எந்த அறை எங்கே, ஹாம்ப்டனின் கட்டில் எங்கே என்று வீட்டின் வரைபடம் அவர் மூலம் எஃப்பிஐக்குப் போய், அங்கிருந்து ஹான்ரஹன் அலுவலகத்துக்குப் போனது. காரியம் முடிந்ததும் ஓநீலுக்கு 300 டாலர் போனஸ். இதெல்லாம் உடனே தெரியவில்லை. 1971இல் சிலர் பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரில் ஒரு எஃப்பிஐ அலுவலகத்தை உடைத்துக் கோப்புகளை அள்ளி வந்தபோதுதான் அரசியல் இயக்கங்களை உளவு பார்த்து உடைக்க எஃப்பிஐ நடத்திய கோயின்டெல்ப்ரோ என்ற ரகசியத் திட்டமே உலகத்துக்குத் தெரிந்தது. ஓநீல் உளவாளி என்பது 1973இல் அம்பலமானது.

சுட்டவர்களுக்குத் தண்டனை?

ஒருவருக்கும் இல்லை. 1970 ஜனவரியில் பிரேத விசாரணை 'நியாயமான கொலை' என்றது. கிராண்ட் ஜூரி அவ்வளவு எழுதிவிட்டு யார் மேலும் குற்றம் சாட்டவில்லை. ஹான்ரஹனும் வேறு 13 அதிகாரிகளும் நீதியைத் தடுத்ததாக 1971இல் குற்றம் சாட்டப்பட்டார்கள். கவனியுங்கள், கொலைக்கு அல்ல. 1972 அக்டோபரில் அனைவரும் விடுதலை. அடுத்த மாதம் அரசு வழக்கறிஞர் பதவிக்கு நடந்த தேர்தலில் ஹான்ரஹன் தோற்றார். கருப்பின வாக்காளர்கள் அவரைக் கைவிட்டது முக்கியக் காரணம்.

பிழைத்த ஏழு பேரும் இறந்த இருவரின் தாய்மார்களும் 4.77 கோடி டாலர் கேட்டு சிவில் வழக்குப் போட்டார்கள். சுமார் 18 மாதம் விசாரணை; நீதிபதி தள்ளுபடி செய்தார். 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, சதிக்கு ஆதாரம் இருக்கிறது, மறுபடி விசாரிக்க வேண்டும் என்றது. அரசுத் தரப்பு ஆவணங்களை மறைத்ததையும் கண்டித்தது. 1982இல் சமரசம்: மத்திய அரசு, கவுன்டி, மாநகராட்சி மூன்றும் சேர்ந்து 18.5 லட்சம் டாலர் கொடுத்தன.

எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

1979 தீர்ப்பிலிருந்து. நீளம்தான், ஆனால் முதலில் வரும் சம்பவ விவரப் பகுதி மட்டும் படித்தாலே பாதி புரிந்துவிடும். மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டு எழுதியிருக்கிறார். அதையும் படியுங்கள், எதிர்த்தரப்பு வாதம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்று அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.