பூட்டு ஏன் ஒரே திருகில் திறந்தது?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 54. வளர்ந்த ஊரை விட்டு வந்து 30 வருடம் ஆகிறது. அப்பா இறந்தபோது போனதோடு சரி, அதன்பிறகு 11 வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை. போன மாதம் பள்ளிக்கூட நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று போனேன். விடிய விடியப் பேச்சு, சிரிப்பு. வாத்தியாருக்கு வைத்த பட்டப்பெயர்கூட யாருக்கும் மறக்கவில்லை. எங்கள் வீட்டையும் போய்ப் பார்த்தோம். ஊரிலேயே தங்கிவிட்ட நண்பன் ஒருவனிடம்தான் சாவி இருக்கிறது. அந்தக் காலத்துப் பூட்டு பாருங்கள், இத்தனை வருடம் கழித்தும் ஒரே திருகில் திறந்துகொண்டது! ஆனால் அவன் மட்டும் முன்னைப் போல இல்லை. சின்ன வயதில் என் நிழல் மாதிரி திரிந்தவன், ‘காலையில வேலை இருக்கு’ என்று பத்து மணிக்கே எழுந்து போய்விட்டான். அப்பா படுக்கையில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதெல்லாம் அவன்தான். அந்த மரியாதை எனக்கு எப்போதும் உண்டு. திரும்பி வந்ததிலிருந்து மனசு சரியில்லை. பழைய நட்பு இவ்வளவுதானா? இனி ஊர்ப்பக்கம் போகாமலே இருந்துவிடலாமா?

பதில்: ஊருக்குப் போய் வந்தவர்களின் கடிதம் எனக்கு அடிக்கடி வரும். மரத்தை வெட்டிவிட்டார்கள், தெரு சின்னதாகிவிட்டது, நண்பன் மாறிவிட்டான் என்று. இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பிவிடுவேன். உங்கள் கடிதத்தில் அந்தப் பூட்டைத் தாண்டிப் போக முடியவில்லை.

எந்தக் காலத்துப் பூட்டாக இருந்தால் என்ன, இரும்பு இரும்புதான். நாலு மழை பார்த்தால் உள்ளே துருவேறும், தூசி அடைத்துக்கொள்ளும். 11 வருடம் யாரும் தொடாத பூட்டில் சாவி நுழைவதே பாடு. நுழைந்தாலும் திருகுகிற வேகத்தில் சாவிதான் வளையும். கடைசியில் ரம்பம் வைத்து அறுக்க வேண்டியதுதான். உங்கள் பூட்டு ஒரே திருகில் திறந்தது என்றால், யாரோ அதை அடிக்கடி திறந்து மூடியிருக்கிறார்கள். எண்ணெய் விட்டிருக்கிறார்கள். சாவி யாரிடம் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று: பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் போய் வந்தவர் ஒட்டடையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

நீங்கள் பூட்டைப் பாராட்டிவிட்டு வந்துவிட்டீர்கள்!

என் வீட்டு ஆணியிலும் ஒரு சாவி தொங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியூர் போய் நாலு வருடம். ‘சாவி உங்ககிட்ட இருக்கட்டும்’ என்பது கொடுப்பவருக்கு ஒரு வார்த்தை. வாங்கியவருக்கு மழை வலுக்கும்போதெல்லாம் ஒரு கவலை.

ஊரை நினைத்து ஏங்குவதை ஒரு காலத்தில் நோயாகவே பார்த்தார்கள். 1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் அதைப் பற்றி ஆய்வேடு எழுதி, ‘வீடு திரும்புதல்’, ‘வலி’ என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயரும் வைத்தார். ஆளை ஊருக்கே திருப்பி அனுப்புவதுதான் அவர் சொன்ன மருந்து. நீங்கள் மருந்தைக் குடித்த பிறகுதான் மனசு சரியில்லை என்கிறீர்கள். அதனால் இது ஊர் ஏக்கம்தானா என்று எனக்குச் சந்தேகம். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் திரும்பியவருக்கும் இப்படித்தான் உறுத்தும்.

வயதானவர்களைப் பழைய நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் நடந்ததைத்தான் அதிகம் சொல்வார்கள். உளவியல்காரர்கள் பலமுறை பார்த்த விஷயம் இது. நீங்கள் கிளம்பியது 24 வயதில். அந்த வருடங்களில் பெரும்பகுதி உங்களுக்கு அந்தத் தெருக்களிலேயே கழிந்திருக்கிறது. அதற்குப் பிறகு உங்களைப் பொறுத்தவரை அங்கே எதுவும் நடக்கவில்லை. உங்கள் நண்பருக்கு நடந்திருக்கிறது. நீங்கள் சைக்கிளிலிருந்து விழுந்த தெருமுனை, அவருக்கு உங்கள் அப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு ராத்திரியில் வண்டிக்குக் காத்து நின்ற இடமாக இருக்கலாம். வாத்தியாரின் பட்டப்பெயருக்கு அவருக்குச் சிரிப்பு வராததில் என்ன ஆச்சரியம்?

மரியாதை உண்டு என்கிறீர்கள். எங்கே காட்டினீர்கள்? விடிய விடியப் பேசிய பேச்சில் அப்பாவைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்டீர்களா? கடைசி நாட்களில் சாப்பாடு இறங்கியதா, எதற்குப் பயந்தார், யாரைத் தேடினார்? உங்களைத்தான் தேடியிருப்பார். ‘வந்துடுவான்’ என்று பதில் சொல்லியது அந்த நண்பராகத்தான் இருக்கும். காலையில் என்ன வேலை என்றாவது கேட்டீர்களா?

பெற்றவரைப் படுக்கையில் பார்த்துக்கொள்வது பிள்ளையின் வேலை. தூரம், உத்தியோகம், குழந்தைகள் படிப்பு எல்லாம் காரணங்கள்தான், மறுக்கவில்லை. காரணம் இருக்கிறது என்பதற்காக வேலை இல்லாமல் போய்விடாது. இன்னொருவர் தலையில் விழும். விழுந்தது. இந்த விஷயத்தில் நான் பழைய காலத்து ஆள், என்னிடம் சலுகை எதிர்பார்க்காதீர்கள். ‘பழைய நட்பு இவ்வளவுதானா’ என்று அவர் எனக்கு எழுதியிருந்தால் நியாயம்.

ஊர்ப்பக்கம் போகாமல் இருக்கலாமா என்றால், கூடாது. இந்த மாதமே போங்கள். கும்பல் வேண்டாம், தனியாக. போனில் பேசி முடித்துவிடலாம் என்று பார்க்காதீர்கள். கவரில் பணம் போட்டு நீட்டிவிடாதீர்கள், அதைவிடக் கேவலம் வேறில்லை. வீட்டை விற்கப் போகிறீர்களா, வைத்திருக்கப் போகிறீர்களா என்பதை யோசித்துவிட்டுப் போங்கள். அது முதலில் தெரிய வேண்டியது அவருக்கு. அப்பாவைப் பற்றிக் கேட்டால், ‘அதெல்லாம் எதுக்குடா இப்போ’ என்பார். எழுந்துவிடாதீர்கள், உட்கார்ந்திருங்கள்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், பூட்டுக்கு என்ன எண்ணெய் விடுகிறாய் என்று கேளுங்கள்.