எனர்ஜி மட்டும் போதுமா?

கேள்வி: ஆங்கிலத்தில் உற்சாகத்தைச் சொல்ல ‘எனர்ஜெடிக்’ என்ற ஒரு சொல் போதாதா? கிளீ, சியர், ஜெஸ்ட் என்று செத்துப்போன சொற்களையெல்லாம் பட்டியல் போட்டு என் மகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். இதனால் யாருக்கு என்ன லாபம்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது தவறு. அதில் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் ஒரு சொல் போதாதா என்று கேட்டீர்களே, போதவே போதாது.

எனர்ஜி, அரிஸ்டாட்டில் கையாண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1807-இல் வெளியான தம் சொற்பொழிவுகளில் ஆங்கில அறிவியலாளர் தாமஸ் யங் அதற்கு இயற்பியல் பொருள் தந்தார். இன்று மின்சாரத்துக்கும் எஞ்சினுக்கும் அதுதான் சொல். எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு தீர்ந்தது என்று கணக்குப் பார்க்கலாம். பள்ளி விட்டு ஓடிவரும் உங்கள் மகளின் முகத்தில் இருப்பதைக் கணக்குப் பார்க்க முடியுமா?

அதற்கு ‘சியர்’ இருக்கிறது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதன் பொருளே ‘முகம்’தான். மனநிலை என்ற பொருள் பிறகு வந்தது. நாம் முகமலர்ச்சி என்கிறோமே, ஏறக்குறைய அதே பார்வை. ‘எக்ஸூபரன்ட்’ என்பதற்குள் லத்தீன் மொழியின் மடி இருக்கிறது, கறவை மாட்டின் மடி. சுரந்து தானாக வழிவதுதான் அந்த உற்சாகம். ‘குவிக்’ என்றால் வேகம் என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பழைய ஆங்கிலத்தில் அது ‘உயிருள்ள’ என்ற சொல். பாதரசம் ‘குவிக்சில்வர்’ ஆனது அதனால்தான்: உயிருள்ள வெள்ளி. நகத்தின் அடியில் தொட்டால் சுரீரென்கிற சதைக்கும் ‘குவிக்’ என்றுதான் பெயர். கருவிலிருக்கும் குழந்தையின் அசைவைத் தாய் முதன்முதலாக உணர்வதை ‘குவிக்கனிங்’ என்றார்கள். இதைச் சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கு மறக்கும்?

செத்த சொற்கள் என்கிறீர்கள். 1755-இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் ‘கிளீ’யைப் பற்றி ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார், கேலிக்கும் இகழ்ச்சிக்கும் அல்லாமல் இப்போது வழங்குவதில்லை என்று. ஒரு காலத்தில் விருந்தில் ஒலித்த இசைக்குப் பெயராக இருந்த சொல் அது. ஜான்சன் கைவிட்ட பிறகும் பிழைத்துக்கொண்டது. இன்று எல்லாரும் தாராளமாகச் சொல்லும் ‘என்தூசியாசம்’ அதே அகராதியில் என்னவாக இருந்தது தெரியுமா? கடவுள் தனக்கு மட்டும் தனியாக வெளிப்படுகிறார் என்ற வீண் நம்பிக்கை! ஜான் வெஸ்லி என்ற மதபோதகரின் வழி நடந்த மெதடிஸ்டுகள் என்ற கிறித்தவப் பிரிவினரை ஏசுவதற்கு அந்தச் சொல் பயன்பட்டது. அன்றைய வசவு இன்றைய பாராட்டு. எந்தச் சொல் செத்தது என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவை அடுப்படியிலிருந்து போன சொற்கள். ‘பெப்’ என்பது அமெரிக்கர்கள் ‘பெப்பர்’ என்பதைப் பாதியாக நறுக்கி உண்டாக்கியது. அந்தப் பெப்பரின் வேர் வடமொழியின் பிப்பலி, நம் திப்பிலி. யவனர்கள் சேர நாட்டின் முசிறித் துறைமுகத்தில் பொன்னைக் கொடுத்துக் கறி ஏற்றிச் சென்றதாகச் சங்கப் பாடல் சொல்கிறது. கறி என்றால் அன்று மிளகு. சோர்ந்து கிடப்பதைத் தட்டி எழுப்புவதற்கு ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சர் அப்’ என்பார்கள். அந்த ஜிஞ்சரும் நம் இஞ்சியிலிருந்து சென்றது என்பதே சொல்லாய்வாளர் பலரின் முடிவு. உங்கள் மகளின் பட்டியலில் இதில் ஒரு வரியாவது இருந்ததா?

‘ஜெஸ்ட்’ என்பது பானத்தில் மணத்துக்காகப் போடும் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் சீவல். இன்று மாலை ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, அதன் தோலை லேசாகச் சீவி, உங்கள் மகளை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அந்தச் சொல்லுக்குப் பொருள் கேளுங்கள்.